மச்சானின் முறை

— பேப்பரை இப்படிக் கொடு மாப்பிள்ளை. நீ பிடிச்சா எழுத்தெல்லாம் ஆடுது.

— நீ பிடிச்சா மட்டும் படிச்சிருவியா மச்சான்?

— எழுத்துக்கூட்டிப் படிப்பேன். "மணிக்கட்டு நரம்பு"... மீதியெல்லாம் இங்கிலீஷ். டாக்டர் என்னதான் சொன்னாரு?

— ஊசியால விரலைக் குத்தினாரு. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல்... குத்தினதே தெரியல. சுண்டு விரல்ல மட்டும் சுருக்குன்னுச்சு. அப்புறம் கரண்ட் வச்சுப் பார்த்தாங்க.

— கரண்டா?

— உனக்கு வைக்கல, பயப்படாதே. மணிக்கட்டுக்குள்ள ஒரு சின்ன சந்து இருக்காம். அது வழியாத்தான் நரம்பு வருதாம். உள்ள வீங்கி நரம்பை நெருக்கிடுச்சாம்.

— மரத்துப்போறது அதனால சரி. நடுக்கம்?

— நானும் அதைத்தான் கேட்டேன். எல்லாருக்கும் அப்படி வராதாம். எனக்குக் கட்டை விரல் சதை வத்தி, பிடிமானம் போயிருச்சு. விடாம பிடிக்கணும்னு முக்குறேன்ல, அப்ப கை உதறுதாம். வேற நோவு இருக்கான்னும் பார்த்துட்டாரு. இல்லையாம்.

— ஆக... குடியால இல்ல.

— தினம் குடிப்பியான்னு கேட்டாரு. தொட்டதே இல்லைன்னேன். சிரிச்சாரு. ரத்தத்தைச் சோதிச்ச பிறகு சிரிக்கல. இதை உன் தங்கச்சி கேக்கணும் மச்சான். குடிகாரனோட இருக்க மாட்டேன்னு பிள்ளையைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்து ஆறு மாசமாச்சு. வேலை போனது போகட்டும். அவ வரணும்.

— ஆபரேசன் பண்ணினா கை சரியாயிருமா?

— மரப்பு குறையும்னாரு. நடுக்கம் எவ்வளவு நிக்கும்னு அவராலயே உறுதியாச் சொல்ல முடியல. முன்னாடியே வந்திருக்கணுமாம். என்ன வேலைன்னாரு. கான்கிரீட் உடைக்கிற மெஷின்னேன். நாளைக்கு எத்தனை மணி நேரம்னாரு. எட்டுன்னேன்.

— எட்டா... ஒரு மணி நேரம் நீ, ஒரு மணி நேரம் நான். அதானே முறை.

— அதான் முறை. உனக்கு இடுப்பு பிடிச்சதிலேர்ந்து உன் முறையையும் நான் ஓட்டலையா? நீ தூசி அடங்க தண்ணி ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. நான்தானே நிக்கச் சொன்னேன்.

— இடுப்பு மூணே மாசத்துல சரியாயிருச்சு மாப்பிள்ளை.

— மூணு மாசத்துலயா?

— சரியாயிருச்சு. நான் சொல்லல. மெஷினைத் தொட மனசு வரல. அந்த அதிர்வு, படுத்தாக்கூட எலும்புக்குள்ள ஓடிட்டே இருக்கும்ல...

— ஓடும்.

— ரெண்டு வருசம் உன் எலும்புல ஓட விட்டுட்டேன்.

— சரி, விடு. பேப்பரை மடிச்சுப் பையில வை. அவகிட்ட காட்டு.

— காட்டுறேன். ஆனா "சாராய வாடை அடிச்சுதுன்னு நீதானே சொன்னே"ன்னு கேப்பா.

— யாரு சொன்னது?

— நான்தான். அன்னைக்கு மெஷின் நழுவி தண்ணிக் குழாய் உடைஞ்சுதே... கை ஏன் நடுங்குதுன்னு தோண்டினா என் முறையை நீ ஓட்டினது வெளிய வந்துரும்னு பயந்துட்டேன். சூப்பர்வைசர்கிட்ட நீ குடிச்சிருக்கேன்னு சொன்னேன். உன் வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்டயும் அதையே... திட்டு மாப்பிள்ளை. ரெண்டு அறை வேணும்னாலும் விடு.

— இந்தக் கையாலயா?

— சூப்பர்வைசர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டப்ப, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— குடிச்சியான்னாரு. ஆமான்னுட்டேன். இல்லைன்னா, யாரு எப்ப ஓட்டினாங்கன்னு எழுதுற மெஷின் நோட்டை எடுப்பாரு. உன் முறை வர்ற எடத்துல எல்லாம் நீ ஓட்டினதா உன் பேரை நான்தானே எழுதி வச்சிருக்கேன்... ரெண்டு பேரையும் வெளிய போட்டிருப்பாங்க. உன் தங்கச்சிகிட்ட நானே போய்ச் சொன்னா, அண்ணனைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும். அவளுக்காவது உண்மை உன் வாயால வரும்னு... இந்த ஆறு மாசமும் தினம் பார்த்துட்டுத்தான் இருந்தேன் மச்சான்.