நெருப்பாற்றின் இரு கரைகள்

யேசுதாஸ்: நேருடா பாய்! அந்தத் தீவுக் குருவிக்கு கோணி ஊசி மாரி அலகு. என் கண்ணால பாத்தேன்.

பஷீர்: அது உம்பக்கத்துக் குருவி. எம்பக்கம் வளைஞ்ச அலகு.

யேசுதாஸ்: ஒரே தீவு, ஒரே செவப்புக் கழுத்து, ஒரே கூவலு... அலகு மட்டும் எப்டி...

பஷீர்: பதினோரு வருசமா இதே சண்டை. நேத்து எழும்பூரு செத்த காலேஜுல, அதான் மியூசியத்துல, பறவைங்கள பாடம் பண்ற ஐயாவாண்ட கேட்டுட்டேன்.

யேசுதாஸ்: இன்னா சொன்னாரு?

பஷீர்: அந்தத் தீவு எரிமலை ஆயிரக்கணக்கான வருசமா கக்கிகினு கீதாம். நெருப்புக் கொழம்பு ஓடி, ஆறி, கல்லாவும். காடு துண்டு துண்டாப் பூடும்.

யேசுதாஸ்: பாத்தோமே... கறுப்புக் கல்லு, நடு நடுவுல பச்சைத் திட்டு.

பஷீர்: ஒவ்வொரு திட்டும் ஒரு தனித் தீவு மாரி. எம்பக்கம் மழை, நீளப் பூவு, ஆழத்துல தேனு. உம்பக்கம் காஞ்ச மரம், பட்டைக்குள்ள புழு. துன்றதுக்கு ஏத்தா மாரி அலகு மாறிப் பூட்சாம்.

யேசுதாஸ்: பறந்து இந்தாண்ட வராதா?

பஷீர்: அந்தக் குருவி காட்டு நெழல வுட்டு வெளிய வராதாம்.

யேசுதாஸ்: பாவம்டா... ஒரு தாயி புள்ளைங்க, அடையாளம் தெரியாம பூட்ச்சுங்க.

பஷீர்: நாமளும் அப்டித்தானே கெடந்தோம்? யுத்தத்துல குண்டு பட்டு கப்பலு முழுவி, கரையேறி மூணா நாளு... நீ தண்ணி தேடிப் போனே...

யேசுதாஸ்: திரும்பறதுக்குள்ள நடுவுல நெருப்பாறு! நாப்பத்தோரு நாளு நீ அங்க, நான் இங்க.

பஷீர்: "இன்னா துன்னே"ன்னு கத்துவேன். "நத்தை"ன்னுவே. மறுநாளும் "நத்தை"...

யேசுதாஸ்: சிரிக்காத! நத்தையும் திட்டுக்குத் திட்டு வேற ருசிடா... இப்ப நெனச்சா இனிக்குது.

பஷீர்: கல்லு ஆறி நீ தாண்டி வந்தே. மறுநாளே கப்பலு. அல்லா காப்பாத்துனான்.

யேசுதாஸ்: அதுக்கு முன்னால ஒண்ணு வந்துச்சே.

பஷீர்: ...இன்னா ஒண்ணு?

யேசுதாஸ்: முப்பதாவது நாளு. உம்பக்கம் படகு எறக்குனாங்க.

பஷீர்: பொகை மூட்டத்துல உனக்கு எதுனா தப்பாத் தெரிஞ்சிருக்கும்...

யேசுதாஸ்: பாய். மலை மேலேர்ந்து பாத்தேன்.

பஷீர்: ...தோஸ்து அந்தாண்ட கீறான், அவனையும் இட்டாந்துடுங்கன்னேன். அங்க பாறை, படகு ஒட்டாது, சண்டைக் காலம், நிக்க முடியாதுன்னாங்க. சரி, நீங்க போங்கன்னேன்... பாத்தவன் ஏன்டா ஒரு கொரலு குடுக்கல?

யேசுதாஸ்: குடுத்தா நீ ஏற மாட்டேன்னுதான்... நான் செத்துட்டேன்னு நெனச்சாவது போவட்டும்னு, பாறைக்குப் பின்னால வாயப் பொத்திகினு ஒக்காந்திருந்தேன். அப்பவும் நீ போவல.