தண்ணிப் பசை

கெட்டியாகப் பசை காய்ச்ச யாராலும் முடியும் ஐயா. தண்ணியாகக் காய்ச்சத்தான் கைப்பக்குவம் வேண்டும். போட்டோ எடுக்கும்வரை காகிதம் கதவில் நிற்கணும். அப்புறம் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தடம் தெரியாமல் முழுசாக வந்துவிடணும். மைதா கொஞ்சம், தண்ணீர் நிறைய, விடாமல் கிண்ட வேண்டும்.

நான் கோர்ட் அமீனா. வீட்டை அடமானம் வைத்துத் தவணை கட்ட முடியாமல் போனவர்களுக்குக் கோர்ட் நோட்டீஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. கையில் கொடுக்க வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் சாட்சி வைத்துக் கதவில் ஒட்டிவிட்டு வரலாம். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில்தான் கொடுத்தேன். ஒரு வாத்தியார் வாங்கிப் படித்துவிட்டு, செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். பெண்டாட்டி பிள்ளைகள் எதிரிலேயே. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷனை இப்படி அழவைக்கிற பாவம் இனி நமக்கு வேண்டாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். நான் கொஞ்சம் இளகின மனசுக்காரன். என் மனைவியைக் கேட்டாலும் சொல்வாள்.

அதிலிருந்து ஆள் வெளியே போகும் நேரம் விசாரித்துக்கொண்டுதான் போவேன். ஒட்டுவேன், போட்டோ எடுப்பேன், சாட்சிக் கையெழுத்துப் போட்ட வண்டிக்காரரை டீ குடிக்க அனுப்புவேன். அவர் தலை மறைந்ததும் உரித்து எடுத்துவிடுவேன். நாலு பேர் வேடிக்கை பார்க்கும் அவமானம் அவர்களுக்கு மிச்சம். ஒட்டினேன் என்று நான் சத்தியம் செய்ததில் பொய் கிடையாது.

தையல்காரம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. ஜன்னலோரம் தையல் மெஷின். அதை ஒட்டிக் கட்டில், கட்டிலில் பக்கவாதம் வந்து படுத்த கணவர். அவருக்குப் பேச்சும் போய்விட்டது. தைத்த துணிகளைக் கொடுக்க அந்த அம்மா மதியத்தில் வெளியே போவார். நான் ஒட்டுவதையும் உரிப்பதையும் அந்த மனிதர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

முதல் நோட்டீஸ் அன்று அம்மா சீக்கிரம் திரும்பிவிட்டார். அதற்குள் உரித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"நீங்க கோர்ட்டு ஆளுதானே? நோட்டீஸ் ஏதும் வந்திருக்கா?" என்றார். "வந்ததும் போய் ஜட்ஜுகிட்ட டைம் கேக்கணும்னு பேங்க்ல சொன்னாங்க. தம்பியும் பணத்தோட தயாரா இருக்கான். காகிதத்தைக் காட்டுக்கா, மறுநாளே கட்டிடலாம்னு சொல்றான்."

எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வாத்தியாரின் முகம் ஞாபகம் வந்தது.

"இல்லம்மா. பக்கத்துத் தெருவுக்கு வந்தேன்."

"அப்பாடா," என்று சிரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "இவர் கதவையே பாத்துப் பாத்துக் கத்துறாரு. என்னன்னே புரியல." அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் நிம்மதியாக இருந்தது.

விசாரணைக்கு அந்த அம்மா போகவில்லை. எப்படிப் போவார்? பேங்க் தரப்பை மட்டும் கேட்டு, குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் வீட்டை விற்கலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்தத் தகவலையும் நான்தான் ஒட்டினேன். அதை விட்டுவைத்தால், முதலில் வந்தது எங்கே என்று கேட்பார். அவர் மனசு நோகும். உரித்தேன். பிறகு ஏல அறிவிப்பு. ஏலத்துக்கு முன்னால் பணம் கட்டினாலும் வீடு மிஞ்சும், ஏலம் முடிந்தும் கொஞ்ச காலம் சட்டம் பொறுக்கும். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். தம்பியிடம் பணம் இருப்பதும் தெரியும். அதையும் உரித்தேன். காலி செய்யச் சொல்லி வந்ததையும் உரித்தேன். கணவர் கையைத் தூக்க முயற்சி செய்துகொண்டிருந்தார்.

போலீஸோடும் பூட்டுத் திறப்பவரோடும் போன அன்று அந்த அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாராம். "ஒரு காகிதம்கூட வரலையே சார், ஒரு காகிதம்கூட வரலையே," என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னாராம். கட்டிலோடு கணவரைத் தூக்கி வெயிலில் வைத்தார்கள். சாயங்காலம் தம்பி பணப்பையோடு ஓடி வந்தபோது கணவரின் உயிர் போயிருந்தது. எல்லாம் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரியும். நான் வண்டிக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு வீடுதானா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. என் சரகத்தில் நான் கதவில் ஒட்டிய எல்லா வீடும்தான். எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாத்தியாருக்குப் பிறகு, இத்தனை வருஷத்தில், என்னால் ஒருத்தர்கூட அழுததில்லை.