மாட்டுக்கு அடியில் இருந்த எழுத்து

பெயர் லுப்பர்ட் தெயுனிஸ், வயது நாற்பத்து மூன்று, தொழில் ஓவியம், அதிலும் மாடு ஆடு மட்டும், விலாசம் ஹார்லெம் நகரம், துணி வெளுக்கும் வயல்களுக்குப் பின்சந்து. 1658 ஜூன் பதினோராம் தேதி நகர நீதிபதி முன்பாக விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது.

வாதி வவுட்டர் ஸ்லோட்டைப் பதினாறு வருடமாகத் தெரியும். அவர் வானமும் வயலும் வரைவார். மாடு வராது. அவர் போட்டால் பெட்டிக்கு நாலு கால் வைத்த மாதிரி இருக்கும். ஆகவே மாடு நிற்க வேண்டிய இடத்தில் புல்லைத் தீட்டாமல் பழுப்பு அடிப்பூச்சாகவே விட்டு, என்ன வேண்டும் என்று அங்கே தூரிகையால் எழுதி அனுப்புவார். நான் அதன்மேல் மாட்டைப் போட்டுக் கொடுப்பேன். இந்த ஊரில் பலரும் செய்வதுதான்.

சென்ற செப்டம்பரில், பீர் வடிக்கும் குடும்பத்து விதவை மாக்தெல்த் அம்மாள் தன் புல்வெளியையும் கொம்பு உடைந்த தன் மாட்டையும் படமாகக் கேட்டார். ஸ்லோட் வழக்கம்போல் அனுப்பினார். அதன் பின்பு நான் ஒன்பது நாள் மழையில் நின்று, அந்த மாட்டைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினேன். பிப்ரவரியில் மாடு செத்துவிட்டது.

என் கை வேலை ஒன்றை இந்த மாதத்துக்குள் ஓவியர் சங்கத் தலைவர் ஏற்காவிட்டால் சங்கப் பட்டியலிலிருந்து என் பெயர் அடிக்கப்படும்; அதன் பின்பு இந்த ஊரில் நான் தூரிகை தொட முடியாது. நான் காட்ட இருந்தது அந்த மாட்டைத்தான்.

இம்மாதம் நான்காம் தேதி முற்பகல், படத்தைச் சுவரில் மாட்டும் விருந்துக்கு அம்மாள் வீட்டுக்குப் போனேன். தலைவரும் இருந்தார். மாடு யார் கை என்று அவர் கேட்டார்.

"எல்லாம் நம்ம கைதாங்க, புல்லுலேர்ந்து கொம்பு வரைக்கும்" என்றார் ஸ்லோட்.

மாடு என்னுடையது என்றேன்.

"போடா மாட்டுக்காரா. சாப்பிட வந்தவன் சாப்பிட்டுப் போ, மீன் தீர்ந்துடப் போவுது" என்றார் ஸ்லோட்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"யோவ், மாட்டுக்கு அடியில என்னய்யா எழுதி அனுப்புன? அதைச் சொல்லு" என்றேன்.

அதன் பின்பு என் இடுப்பிலிருந்த சாயம் குழைக்கும் கத்தியை எடுத்து மாட்டின் வயிற்றிலிருந்து கொம்பு வரை சுரண்டினேன். ஸ்லோட் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், கிழிந்தது, நான் நிறுத்தவில்லை. அடியில் அவர் கையெழுத்தில், 'லுப்பர்ட், இங்கே மாடு, கொம்பை மறக்காதே' என்று இருந்தது. தலைவர் அதை உரக்கப் படித்தார்.

தன் வயலை நான் அழித்துவிட்டதாக ஸ்லோட் கொடுத்திருக்கும் புகார் பொய். அந்த இடத்தில் வயலே இல்லை. படம் இந்த மன்றத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அன்று தலைவர் படித்த பிறகு மாக்தெல்த் அம்மாள் படத்துக்குக் கிட்டே வந்து கொம்பு இருந்த இடத்தைத் தடவினார். "என் மாட்டை ரெண்டாந்தரம் கொன்னுட்டியேப்பா" என்றார்.

மேலே சொன்னது முழுவதும் உண்மை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. அந்தப் படத்தில் போடக் கிடைக்காத என் கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

லுப்பர்ட் தெயுனிஸ்