தலைகீழாக்கியபோது நிமிர்ந்த கோடு

மருந்தின் ஆயுளைக் கணித்து மழலையரின் ஆயுளைக் காத்தவரே! குப்பிக்குள் நடக்கும் சிதைவைக் கோட்டுக்குள் கொண்டுவந்த கூர்மதியே! கோடுகளின் சாய்விலிருந்து வேகம் சொன்னதால் எங்களுக்குச் ‘சாய்வக்கா’ ஆகியும், எவர் முன்னும் சாயாது நின்ற எங்கள் மருந்தாலையின் தலைமை வேதியியலாளரே! வணக்கம்.

பிற்பகல் வெயில் வரைபடத் தாளில் படர்ந்திருக்க, பென்சிலைக் காதில் செருகியபடி, புள்ளிகளுக்கு நடுவே எங்கோ மிதந்துகொண்டிருப்பீர்கள். “அக்கா தூங்குறாங்க போல” என்று புதியவர்கள் கிசுகிசுப்பார்கள். மருந்து மெல்ல மெல்லச் சிதையும் ஓசையைத்தான் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பழையவர்கள் அடக்குவோம்.

கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தின் செறிவை இருமடங்காக்க ஆலை முனைந்த ஆண்டை எப்படி மறப்போம்! பழைய காலாவதிக் கணக்கையே இதற்கும் போட்டுவிடலாம் என்றார் மேலாளர். சிதைவு முதல் வகை வினையானால் அவர் சொன்னது சரியே. செறிவு எதுவானாலும் பாதி சிதைய ஒரே காலம்தான். நீங்களோ செறிவு, அதன் மடக்கை, அதன் தலைகீழ் என மூன்றையும் காலத்துக்கு எதிரே வரைந்து வைத்தீர்கள்.

“மூணுமே நேராத்தானே இருக்கு? ஏதாவது ஒண்ணை எடுத்துக்கங்கம்மா. லாரி காத்துட்டு நிக்குது.”

“கொஞ்சமா சிதைஞ்சப்போ எல்லாமே நேராத்தான் சார் தெரியும். பாதிக்கு மேல போகட்டும். அப்பத்தான் எது வளையுதுன்னு புரியும்.”

“அதுவரைக்கும்?”

“காத்திருப்போம். பேச்சு வராத குழந்தைங்க குடிக்கிறது சார். மருந்து கேக்கலைன்னா அதுங்க யார்கிட்ட போய்ச் சொல்லும்?”

மேலிடம் முகம் சுளித்தது. உங்கள் பதவி உயர்வு தள்ளிப்போனது. நீங்கள் சிதைவை விரைவுபடுத்தும் வெப்ப அறைக்கும் மேசைக்குமாகக் கனவில் நடப்பவர்போல் நடந்தீர்கள். செறிவின் கோடு தொய்ந்தது. மடக்கையின் கோடும் மெல்ல வளைந்தது. தலைகீழின் கோடு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக ஏறியது. இரண்டாம் வகை வினை! அக்கோட்டின் சாய்வே வேக மாறிலி. செறிவு இருமடங்கானால் மருந்தின் ஆயுள் பாதி! காலாவதி ஆகுமுன்பே வலுவிழந்திருக்கும் அந்தச் சொட்டுகள்.

மேலாளர் தாளை நெடுநேரம் பார்த்தார். “பழைய செறிவே இருக்கட்டும்மா” என்றார். சரக்கெடுக்க மறுபடி வந்து நின்ற லாரியைத் திருப்பி அனுப்ப அவரே கீழே இறங்கிப் போனார். எங்கோ காய்ச்சல் தணிந்து கண்ணயர்ந்த குழந்தைகளுக்கு அந்தப் பிற்பகல் தெரியாது. கூடவே இருந்த எங்களுக்குத் தெரியும்.

இந்தப் பணி நிறைவு விழாவுக்கு அழைக்கப் போனபோது உங்கள் கணவர் சிரித்தார்: “அவ சூடா காபி குடிச்சு நான் பாத்ததே இல்லைங்க. ஆறுற வேகத்தை யோசிச்சுக்கிட்டே ஆற விட்டுருவா.”

அன்புக்குரிய அக்கா! உடல் நலமும் உள்ள நிறைவும் உங்களோடு நெடுங்காலம் நடக்கட்டும். நாளைக் காலை எந்தப் புள்ளியும் உங்களுக்காகக் காத்திருக்காது. எதிரில் அவர் இருப்பார். ஆவி பறக்கும்போதே குடித்துவிடுங்கள்!

என்றும் உங்கள்,
குப்பி கழுவுவோர் முதல் மேலாளர் வரை,
ஆய்வுக்கூடத்தார் அனைவரும்