கல்லில் இல்லாத அஞ்சாவது பேரு

...நாலு பேராம்ல! நல்லசாமி, உங்கள ஒண்ணும் சொல்லலங்க. நீங்க கல்லு கொத்துறவரு, பஞ்சாயத்துல குடுத்த லிஸ்ட வெட்டுறீங்க. வெட்டுங்க. ஆனா உலக யுத்தத்துல நம்ம தாண்டிக்குடிச் சிப்பாய் நாலே பேருதான் செத்தான்னு எவன் எண்ணுனான்?

எண்ணிக்கைய எங்கிட்டக் கேளுங்க. ரஷ்யாக்காரன் எண்பது லட்சத்துக்கு மேல. ஜெர்மன்காரன் அம்பது லட்சம்ங்கிறான். ஜப்பான்காரன் இருபது. அமெரிக்காக்காரன் நாலு. வெள்ளைக்காரன் அதுலயும் கொஞ்சம் கம்மி... சண்டைய இழுத்தவன் அவன்! நம்மாளு எண்பத்தேழாயிரம். யாரு சண்டைக்கி? எல்லாம் நோட்டீஸ்ல படிச்சது. நானே அடிச்சு வித்த நோட்டீசும் உண்டு. நாப்பத்திரெண்டுல பதினோரு மாசம் ஜெயில்லங்க. அடைக்கலம்னு என் பேரச் சொன்னா இன்னைக்கும் பட்லகுண்டு ஸ்டேஷன்ல போலீஸ்காரன் எந்திரிச்சு நிப்பான்... சரி, நிக்க மாட்டான். தெரியும்பான்.

எதுல விட்டேன்? ஆங், அஞ்சாவது பேரு. மரியசெல்வம். என் தம்பி. நான் உள்ள கெடந்தப்பப் பட்டாளத்துல சேந்துட்டான். எஸ்டேட் கூலி பத்தலையாம். பாச்சலூர் வரைக்கும் நடந்து போயி 'சேராதே, சேராதே'ன்னு தொண்ட கிழியக் கத்துனவன் வீட்லயே! எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க.

செத்ததுக்குப் பேப்பரா? அந்தப் பஞ்சாயத்துக் கிளார்க்கும் அதத்தான் கேக்குறான்.

வந்துச்சுங்க. நாப்பத்திநாலுல வந்துச்சு. பர்மா எல்லையில செத்துட்டான்னு. தம்பி பொஞ்சாதி புஷ்பமேரி பூசைக்குப் போயிருந்துச்சு. நாந்தான் வாங்குனேன். 'வெள்ளைக்காரன் சிப்பாய் எவனும் இந்த வீட்டுல இல்ல'ன்னு பின்னாடி எழுதி, தபால்காரன் கையிலயே திருப்பிக் குடுத்துட்டேன். இங்கிலீசுல எழுதுனேங்க. ஒரு தப்பு கெடையாது.

இப்ப அந்த எண்பத்தேழாயிரத்துல அவன் சேத்தியா இல்லையா? எவனும் சொல்ல மாட்டேங்கிறான்.

புஷ்பமேரிட்டயா? சொல்லணும்னுதாங்க இருந்தேன். மொத வாரம் மீட்டிங்கு. அப்புறம் சுதந்திரம் வந்துருச்சு. அப்புறம் எலெக்ஷன்... சோலியா இல்ல நமக்கு! பதினெட்டு வருசமாத் தாலியோட, தலையில பூவோட, எந்த ஜீப்பு மலையேறி வந்தாலும் வாசலுக்கு வந்து பாக்குது. 'காயிதம் வரலைல்ல மச்சான், அப்ப அவுக எங்கயோ இருக்காகதான்'ங்குது.

இந்தாங்க, பேரு எழுதிக் கொண்டாந்திருக்கேன். நாலாவது பேருக்குக் கீழ வெட்டிருங்க. புஷ்பமேரிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கல்லு நட்டதும் அதுவே பாத்துக்கிரும், நான் வாயத் தொறக்க வேண்டியதில்ல.

ஏங்க, உளிய ஏன் கீழ வச்சிட்டீங்க? துண்ட ஒதறுறீங்க... சாப்பாட்டு நேரங்கூட இல்லையே. நல்லசாமி! எங்க போறீங்க? உங்க வீடு இந்தப் பக்கம்ல இருக்கு...

அது புஷ்பமேரி வீட்டுக்குப் போற வழிங்க.