“இது இன்னும் வேணுமா?” என்று கேட்ட பதிவாளர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, நம் பதிவாளர் அம்மையாரின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, காப்பறையிலும் காட்சிக்கூடத்திலும் அவரோடு உழைத்துக் களைத்த தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பேசத் தெம்பில்லை. அம்மையார் மறைந்த இந்த மூன்று வாரமாக, அவருக்குத் துணையாக இருந்த நானே அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன். அவர் எவ்வளவு சுமந்தார் என்பது இப்போதுதான் என் முதுகுக்குத் தெரிகிறது. நாளை காலை நான் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். இனி எல்லா ஊழியரும் எல்லாப் பதிவுகளையும் திறந்து பார்க்கலாம் என்கிற தாள் அது. போடுவதா வேண்டாமா என்ற குழப்பத்தோடுதான் இங்கே நிற்கிறேன். ஆகவே இது வெறும் புகழுரையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அருங்காட்சியகத்துப் பொருள்கள் பதினெட்டாயிரமும் கணினியில் இருக்கின்றன. பெயர், வயது, படம், இவற்றை யாரும் பார்க்கலாம். ஆனால் ஒரு பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது, அதைக் கொடுத்தவர் யார், அவர் வீடு எங்கே, இவற்றை யார் யார் பார்க்கலாம் என்று முடிவு செய்தவர் அம்மையார். அதற்கு நாம் அவருக்குக் கொடுத்த பட்டம் என்ன? பூட்டம்மா. முதுகுக்குப் பின்னால்தான் சொன்னோம். ஆனால் ஒருநாள் மகளிடம் தொலைபேசியில் அவரே, “பூட்டம்மாதான் பேசுறேன், சாப்டியா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலோடு மேசை மேசையாக வருவார். நாம் எதையெல்லாம் திறக்கலாம் என்று நம் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும். ஒவ்வொன்றாக விரலை வைத்து, “இது இன்னும் வேணுமா?” என்பார். வேண்டும் என்றால், “எதுக்கு?” காரணம் சொல்லாவிட்டால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார். நம் புகைப்படக்காரர், “எல்லாத்தையும் எடுத்துக்கோங்கம்மா, கேமராவ மட்டும் விட்டுடுங்க” என்று கும்பிடுவார். இயக்குநர் ஐயா மன்னிக்க வேண்டும், நீங்கள் நன்கொடையாளர் முகவரிகளைக் கேட்டபோது உங்களிடமும் அதே கேள்விதானே? “கடிதம் போடத்தானே ஐயா? எழுதிக் குடுங்க, இன்னைக்கே நான் அனுப்பிடுறேன்.” அன்றோடு அவர் வேலை போயிற்று என்றே நாங்கள் நினைத்தோம்.

சந்தேகப் பிராணி என்றோம். அது சந்தேகமா? நானும் அப்படித்தான் நினைத்தேன், நான்கு வருடத்துக்கு முன்பு வரை.

ஒரு தையல்காரம்மா நமக்கு ஒரு மரப்பெட்டி கொடுத்தார். கணவனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறியபோது அவர் தூக்கிக்கொண்டு வந்த பெட்டி. அந்த ஆள் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். முகவரி வெளியே போகக்கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. அந்தப் பதிவை அம்மையாரும் நானும் மட்டுமே திறக்க முடியும். கண்காட்சிக்கு விளக்க அட்டைகள் அச்சுக்குப் போக வேண்டிய நாளில் எனக்குக் காய்ச்சல். அட்டை தயாரிப்பவர் தொலைபேசியில் கேட்டார், என் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டேன். “ஒரு நாள்தானே, எடுத்துக்கோப்பா” என்றேன். அவர் பட்டியலை முழுசாக எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினார். அங்கே அதை வேலைத் தாளாக மாட்டிவைக்க, கதவு எண்ணும் தெருவும் அச்சகச் சுவரில் தொங்கின. அங்கே வந்துபோன யாரோ மூலம் செய்தி கணவனுக்குப் போய், நான்காம் நாள் அவன் தையல்காரம்மாவின் வாசலில் நின்றான்.

அக்கம்பக்கத்தார் கூடியதால் உயிர் பிழைத்தார். ஆனால் வீடு போயிற்று, வாடிக்கை போயிற்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் அம்மையார், “அனுமதி கொடுத்தது நான், பொறுப்பு என்னுடையது” என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றது. “ஏம்மா என் பேரச் சொல்லல?” என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சொன்னா அந்தம்மாவுக்கு வீடு திரும்பக் கிடைச்சிடுமா? உக்காருங்க, முதல்ல எல்லாரோட கடவுச்சொல்லையும் மாத்தணும்.”

மகளே, உன் அம்மாவின் உயர்வைத் தடுத்தது என் வாய். நான்கு வருடம் அந்த வாயை மூடியே வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதம் முழுக்க மாலை வேளைகளில் அம்மையார் தையல்காரம்மாவோடு வீடு பார்க்க அலைந்தாராம். கணவர் நேற்றுத்தான் சொன்னார். “எந்தத் தெருன்னு எங்கிட்டகூடச் சொல்லல சார்” என்றார்.

இன்று காலை அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். முகவரி இருக்க வேண்டிய இடத்தில், “பதிவாளருக்கு நேரில் தெரியும்” என்று மட்டும் இருக்கிறது. அம்மையார் அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அந்த ஒருவர் பத்திரம். ஆனால் நம்மை நம்பிப் பொருள் கொடுத்து, வீட்டைச் சொல்லாதீர்கள் என்று கேட்டவர்கள் இன்னும் இருநூற்றுப் பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் முகவரிகள் கணினியில்தான் இருக்கின்றன. நாளை நான் கையெழுத்திட்டால் அவை நம் எல்லோர் கண்ணிலும் படும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது. தினமும் நாற்பது பேர், “இதத் திறந்துவிடுங்க சார்” என்று வந்து நிற்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் எனக்கு நிம்மதி. அம்மையாருக்கு மட்டும் அலுக்கவில்லையா? அலுத்திருக்கும். அலுப்போடுதான் இருபத்தாறு வருடம் பட்டியலைத் தூக்கிக்கொண்டு நம் மேசைகளைச் சுற்றினார்.

இயக்குநர் ஐயா, அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். திங்கட்கிழமை பட்டியலோடு நான் வருகிறேன். வேலை தாமதமாகும், எல்லோரும் என்னைத் திட்டுவீர்கள். தாமதம் யாரால் என்று விசாரணை வந்தால், இந்த முறை என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.