அன்றூ வைத்த விளக்கு

எங்கள் த்ரீ கிங்ஸ் தெருவில் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது செவ்வாய்க்கிழமை. யார் வீட்டுத் தொட்டியில் எத்தனை பாட்டில் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. மூடி திறந்திருந்தால் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். இந்த ஆனந்தவல்லிக்கு ஊர்வம்பு என்கிறார்கள். அக்கறைக்கு இந்தத் தெருவில் வைத்திருக்கும் பெயர் அது.

யேசுராசா தம்பி, நீங்கள் தன்மையாகத்தான் கேட்டீர்கள். "அக்கா, கை தவறிப் பட்டுட்டுதோ?" உங்கள் அண்ணன் அன்றூவின் கணினி விளையாட்டு உலகத்தில் யார் எதை உடைத்தாலும் பெயர் பதிவாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்கள் அண்ணி மேர்சி எனக்கு அடுத்த வீடு. அன்றூ இறந்ததிலிருந்து எட்டு மாதம் அவளுக்குச் சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ப்ளாக்குகளை அடுக்கி வீடு கட்டும் அந்தக் கணினி விளையாட்டை எனக்குப் பழக்கியது அவள். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை முடிந்து வந்து அன்றூ கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டினாள். வாசலில் ஒரு விளக்கு. ஏதோ ஒரு வருடக் கொண்டாட்டத்துக்கு விளையாட்டு நிறுவனம் ஆளுக்கு ஒன்று கொடுத்த அலங்கார ப்ளாக், இனிக் கிடைக்காது. கிட்டே போனால் 'வைத்தவர்: அன்றூ' என்று எழுத்து வரும். தினமும் காலையில் அதன் முன்னால் போய் நின்றுவிட்டுத்தான் மேர்சி வேலைக்குக் கிளம்புவாள்.

"நான் இல்லாட்டி நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா" என்று அங்கே கட்டவும் உடைக்கவும் எனக்கு அனுமதி கொடுத்தாள். தெருவில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் கடையில் எதிர்வீட்டு ரஷ்மி வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மேர்சி அக்கா ஹென்டர்சன்ல வீடு வாங்கிட்டாங்களாமே, தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியுமே" என்றேன்.

"அப்பாடா. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாங்க. குடிபோற வரைக்கும் உங்க கண்ணு பட்டுடக் கூடாதாம். எனக்கு ஒரே சிரிப்பு."

நானும் சிரித்தேன். பிறகு விசாரித்ததில் தெருவே அறிந்திருந்தது. தெருக்கோடிக் குமாரசாமிக்கு எத்தனை படுக்கையறை என்பதுகூடத் தெரியும். அவர் மேர்சியோடு பேசியதே மூன்று முறைதான்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு விளையாட்டுக்குள் போனேன். மற்ற ப்ளாக்குகளை உடைத்தால் கைக்கு வந்துவிடும், திரும்ப வைக்கலாம். இந்த விளக்கு உடைந்தால் போனதுதான். மேர்சியே சொல்லித் தந்திருந்தாள், பக்கத்தில் கவனமாக நடக்கச் சொல்லி. கை தவறவில்லை தம்பி. நான்கு முறை அடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு வாய் டீ குடித்தேன்.

மறுநாள் காலை நைட்டியோடு ஓடிவந்தாள். "அக்கா, அவர் வைச்ச விளக்கைக் காணேல்லை." அப்டேட் வந்தால் இப்படி ஆகுமாம் என்று ஆறுதல் சொன்னேன். என் சோபாவில் இரண்டு மணி நேரம் அழுதாள். ஆஸ்பத்திரியில் அன்றூ கடைசியாகக் கேட்டது எலுமிச்சைத் தண்ணீர் என்பதுவரை கொட்டித் தீர்த்தாள். வாங்கிய புது வீட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

எனக்கு அவள் மேல் கோபமே கிடையாது. அந்தச் செய்தியைத் தன் வாயால் என்னிடம் ஒரு தடவை சொன்னால் போதும். நீங்கள் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அதுவரை அன்றூ வைத்த ஜன்னல், படி, சமையலறை எல்லாம் என் பொறுப்பில் பத்திரமாகத்தான் இருக்கின்றன.